விரல் முடங்கியது, வேலை முடங்கவில்லை!

நீரிழிவு நோயாளியின் உயிரைக் காக்கும் இன்சுலின் மருந்தை நாம் அறிவோம். அதை நம்பி வாழ்வோர் நம் தெருவிலேயே உண்டு. அந்த இன்சுலின் எத்தகைய உருவம் உடையது என்று கண்டறிய ஒரு பெண்மணி 34 ஆண்டுகள் உழைத்தாரே, அதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார்.

1910இல் கெய்ரோவில் பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் இரசாயனம் படித்தார். பின்னர் கேம்பிரிட்ஜில், பொதுவுடைமைக் கொள்கையுடைய பெர்னால் என்னும் விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி பயின்றார். பெப்சின் என்ற புரதத்தின் படிகத்தை ஈரம் உலராமல் வைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் தெளிவான புள்ளிகள் விழுகின்றன என்று 1934இல் இருவரும் உலகுக்கு அறிவித்தனர். புரதத்துக்கும் ஒழுங்கான வடிவம் உண்டு என்பது அதனால் விளங்கியது.

அப்போது அம்மையாருக்கு வயது 24. அந்த வயதிலேயே முடக்குவாதம் கைகளைப் பற்றியது. விரல்கள் கோணின. உப்புக்கல்லினும் சிறிய படிகங்களை அந்த விரல்களால்தான் எடுத்துப் பொருத்தினார். ஆக்ஸ்போர்டில் அவருக்குக் கிடைத்த இடமோ அருங்காட்சியகக் கட்டடத்தின் நிலவறை. வெளிச்சம் உள்ள சன்னல் உயரத்தில் இருந்தது. படிகத்தைக் கையில் ஏந்தி ஏணியில் ஏறி இறங்கினார். ஆசிரியர்களின் இரசாயனச் சங்கக் கூட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். அம்மையார் சோர்ந்தாரா? இல்லை!

படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர், தகட்டில் புள்ளிகளாகப் பதியும். ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கருமையை அளந்து, கணக்குப் போட்டு, எந்த அணு எங்கே இருக்கிறது என்று காணவேண்டும். அப்படித்தான் 1945இல் பெனிசிலினின் அமைப்பைக் கண்டார். அடுத்த பத்தாண்டில், கொடிய சோகை நோயைத் தீர்க்கும் பி12 வைட்டமினின் அமைப்பைக் கண்டார். 1964இல் நோபல் பரிசு வந்தது. ஆங்கில ஏடுகள் சில அப்போதும் அவரை இல்லத்தரசி என்றே எழுதின!

1935இல் முதன்முதலாகப் படம் பிடித்த இன்சுலின் மட்டும் எளிதில் பிடிபடவில்லை. 1969இல்தான், தம்மிடம் பயின்ற இளைஞர்களோடு சேர்ந்து அதன் உருவத்தை முழுமையாகக் கண்டார். இன்சுலின் உயிரணுவின் வாசலில் நின்று வேலை செய்வது. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தோடு அது பொருந்தினால்தான் சர்க்கரை உள்ளே செல்ல வழி பிறக்கும். அந்தப் பூட்டை ஆராய்வோருக்குச் சாவியின் உருவத்தைத் தந்தவர் அம்மையார்.

ஆசிரியராகவும் அவர் பெரியவர். பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும் கிராமிசிடின் என்ற பொருளை அவரிடம் ஆராய்ந்த மாணவி ஒருவர் உண்டு. பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமராகி, 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடித்த மார்கரெட் தாட்சர்தான் அவர்! ஆசிரியையின் கணவர் தாமஸோ, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்குப் பாடம் சொல்லித் தந்தவர். மாணவியின் அரசியல் அம்மையாருக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பகைத்து ஒதுங்கவில்லை. சோவியத் நாட்டோடு பேசுங்கள் என்று நேரில் கண்டு எடுத்துரைத்தார்.

அமைதி இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1953இல் அமெரிக்கா அவருக்கு நுழைவு அனுமதி மறுத்தது. அவர் கொள்கையை விடவில்லை. 1976 முதல் 1988 வரை, அணு ஆயுதத்தை எதிர்க்கும் பக்வாஷ் விஞ்ஞானிகள் அமைப்பின் தலைவராக இருந்தார். 1994இல் மறைந்தார்.

வசதி வரட்டும், பிறகு உழைப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. நிலவறையும் கோணிய விரல்களும் போதும் என்று தொடங்கினார். நம் வீட்டுப் பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கும் தோழர்கள் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கவேண்டும். எந்தக் கை எந்த நோய்க்கு மருந்து காணுமோ, யார் கண்டார்? அந்தக் கையை அடுப்படியில் கட்டிப்போட நமக்கு உரிமை ஏது?