மணலில் எழுதிப் பயின்ற சீகன்பால்கு

தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டாரை எண்ணும்போது வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரின் பெயர்கள் நம் நாவில் முதலில் எழுகின்றன. தரங்கம்பாடியில் வாழ்ந்து மறைந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு அச்சுக்கூடத்தோடும் வேதாகம மொழிபெயர்ப்போடும் மட்டுமே இணைத்துப் பேசப்படுகிறார். கற்பிக்க வந்தவர் மாணாக்கராக அமர்ந்தார் என்பதே அவர் வாழ்வின் சிறப்பாகும். அவ்வாறு கற்றதை அவரை அனுப்பியவர்கள் விரும்பி ஏற்கவில்லை என்பது அவ்வாழ்வின் துயரமாகும்.

செருமானிய நாட்டில் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். நோய் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1703இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலச் சேர்ந்தபோதும் உடல்நலக் குறைவால் கல்வி தடைப்பட்டது. எனினும் அந்நகரில் பிராங்கே என்னும் பெரியாரிடம் அவர் கொண்ட தொடர்பு உறுதியாக நிலைத்தது. உள்ளத் தூய்மை, எளிய வாழ்வு, ஏழைச் சிறார்க்குக் கல்வி ஆகியவற்றைச் சமயத்தின் உயிராகக் கொண்டது ஹாலேயின் நெறி.

அந்நாளில் தரங்கம்பாடி டென்மார்க்கு வணிகக் கழகத்தின் ஆட்சியில் இருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் பெற்ற துறைமுகம் அது. அங்கே சமயப்பணி புரிய ஆட்களை அனுப்ப டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கு விரும்பினார். சீகன்பால்குவும் அவர் நண்பர் என்றிக்கு புளுட்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே கப்பலேறி, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது ஏறத்தாழ 24. கோட்டைத் தலைவர் ஹாசியசு அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. வணிகத்திற்கு இடையூறாகக்கூடிய விருந்தினராகவே அவர்களைக் கருதினார்.

மொழி அறியாதவன் மக்களிடம் எதையும் பேச முடியாது என்பதைச் சீகன்பால்கு விரைவில் உணர்ந்தார். திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணாக்கரோடு தம் இல்லத்திற்கே அழைத்தார். சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுத்தெழுதிக் கற்றார். பல மொழியறிந்த அலெப்பா என்பவர் சொற்பொருள் விளக்கத் துணைநின்றார். ஓராண்டு நிறைவதற்குள் தமிழில் பேசவும் போதிக்கவும் வல்லவரானார். அதன்பின் ஏடுகளைப் பிறர் படிக்கக் கேட்டும் தாமே படித்தும் சொற்களைத் தொகுத்தார். உரைநடைச் சொற்களுக்கு ஓர் அகராதியும், புலவர் துணையோடு செய்யுள் வழக்குச் சொற்களுக்கெனத் தனியோர் அகராதியும் தொகுத்தார்.

1708இல் அவர் தாம் திரட்டிய நூல்களின் விளக்கப் பட்டியலொன்றை எழுதி முடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் இடம்பெறுகின்றன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும். தமிழ் ஏடுகள் அச்சேறிப் பரவுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, கடற்கரையூர் ஒன்றில் இருந்துகொண்டு இளைஞர் ஒருவர் இவ்வளவு திரட்டினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். இம்மக்களைக் காட்டுமிராண்டிகள் என எண்ணும் ஐரோப்பியரின் கருத்து தவறானது என்றும், மொழியறியாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

அவரை முற்றும் நம்மவராக்கிக் கொள்வதும் உண்மையாகாது. மதம் மாற்றவே அவர் வந்தார். அந்நோக்கத்தை இறுதிவரை கைவிடவில்லை. கோயிலொன்றின் மண்சிலைகளைத் தம் கையாலேயே உடைத்த செய்தியும் அவர் வாழ்க்கையில் உண்டு. அதே கை பின்னாளில் ஐயனார், மாரியம்மன், பிடாரி வழிபாடுகளைப் பற்றி மக்களிடமே கேட்டறிந்து பொறுமையோடு எழுதிற்று. மறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கியவர், படித்ததன் பயனாக மதிக்கவும் கற்றார். இவ்விரண்டும் ஒருவரிடமே இருந்தன.

நாட்டு மக்களுக்காகப் பரிந்து நின்றமையால் ஆட்சியாளரோடு பகை முற்றியது. 1708 நவம்பர் முதல் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். சிறைப்படுமுன் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகள் பெரியனவாய்த் தாளை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தமிழில் அச்சு 1578லேயே கொல்லத்தில் தொடங்கிவிட்டது. ஆயினும் இந்திய மொழியொன்றில் முழுமையாக அச்சான முதற் புதிய ஏற்பாடு இதுவே. அதன் நடையை வீரமாமுனிவர் கடுமையாகப் பழித்தார். பேச்சு வழக்கும் புலமை வழக்கும் முட்டிக்கொண்ட இடம் அது. தமிழ் உரைநடை பின்னர் நடந்த நெடுவழியில் இம்மொழிபெயர்ப்பும் ஒரு தொடக்கக் கல்லாகும்.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய பெருநூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர் எண்ணம். கையெழுத்துப் படி 154 ஆண்டுகள் உறங்கிற்று. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930 வரை காத்திருந்தன.

1714இல் ஐரோப்பா சென்றார். இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் ஹாலேயில் அச்சிட்டு, மணம் முடித்து, மனைவியோடு அவ்வாண்டே திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். கோபன்ஹேகனிலிருந்து பணியை மேற்பார்த்த வெண்டு என்பவர், பள்ளியும் கட்டடமும் வேண்டா, அப்போசுதலரைப் போல வறுமையில் அலைந்து போதித்தலே கடன் எனக் கடிந்தெழுதினார். நோயுற்ற உடலை இக்கடிதம் மேலும் தளர்த்திற்று. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஹாலே அவருக்கு நெறியைத் தந்தது. கோபன்ஹேகன் பட்டத்தைத் தந்தது. பணிக்குரிய பயிற்சியைத் தந்தவர்களோ தரங்கம்பாடியின் பெயரறியாத ஆசிரியரும் அவர் மாணாக்கரும் ஆவர். பிறர் மொழியில் நுழைவோர் தாம் கொண்டுவந்ததை மட்டும் கொடுத்துத் திரும்ப இயலாது. அம்மொழி அவர்களையும் மாற்றிவிடும். சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் சீகன்பால்குவின் வாழ்விலிருந்து பெறத்தக்கது அவ்வுண்மையே.