மும்மொழியில் போதித்த முதியவர்

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சென்று குடியேறியோர் யாவரும் ஒரு நாள் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. தாம் கொண்டு வந்த மொழியில் பெற்றோர் வழிபடுவர். புகுந்த நாட்டு மொழியில் வளர்ந்த மக்களோ, அருகிலமர்ந்தும் பொருள் விளங்காது விழிப்பர். இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வினாவுக்கு விடை காண முயன்ற ஹென்றி மெல்கியோர் மியூலன்பர்க் என்னும் போதகரின் வரலாற்றை ஈண்டு நினைவு கூர்வோம்.

ஜெர்மனியில் ஐன்பெக் என்னும் ஊரில் 1711ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இவர் பிறந்தார். 1742இல் ஹாலே நகரத்துப் பெரியோர் இவரை அமெரிக்காவிற்கு அனுப்பினர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் அந்நகரில் பயின்றவரே என்பதை எண்ணும்போது, இவ்வரலாறு நமக்கு முற்றும் அயலானதன்று எனத் தோன்றுகிறது.

பென்சில்வேனியாவில் ஜெர்மன் மக்களின் லுத்தரன் சபைகள் மூன்று அவருக்காகக் காத்திருந்தன. அங்கே இளைஞர் பலர் எழுத்தறிவின்றி வளர்ந்திருந்தனர். தக்க ஆசிரியர் கிடைக்காமையால் போதகர் தாமே பள்ளி நடத்தினார். பதினேழு முதல் இருபது வயது வரையுள்ளோரும் அரிச்சுவடி ஏந்தி வந்து அமர்ந்தனர். 1745இல் அவர் மணந்த அன்னா மரியா அமெரிக்க மண்ணில் பிறந்தவர். எனவே பழைய நாடும் புதிய நாடும் அவர்தம் இல்லத்திலேயே ஒன்றாக வாழ்ந்தன. 1748இல் சபைகளை ஒருங்கிணைத்துப் பேரவை கூட்டி, அனைவர்க்கும் பொதுவான வழிபாட்டு முறையும் வகுத்தார்.

நியூயார்க் நகரத்துச் சபையில் சிக்கல் பெரிதாக இருந்தது. முதியோர் டச்சு மொழியை விடார். புதிதாக வந்தோர் ஜெர்மனையே வேண்டினர். இளையோர்க்கு ஆங்கிலமே எளிதாயிற்று. 1751, 1752ஆம் ஆண்டுகளில் அங்குச் சென்று பணியாற்றிய மியூலன்பர்க், எவரையும் கடிந்தாரல்லர். டச்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பிரசங்கம் செய்தார். முதியோரின் மொழிக்கு மதிப்பளித்தார். இளையோரின் செவிக்கும் வழி திறந்தார்.

தம் மைந்தர் மூவரையும் 1763இல் ஹாலேவுக்குக் கல்வி பயில அனுப்பினார். மூவரும் பின்னர்ப் போதகராயினர். அவருள் பீட்டர் விடுதலைப் போரில் படைத்தலைவரானார். பிரெடரிக் 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகரானார். ஹென்றி எர்னஸ்ட் தாவரவியல் அறிஞராகப் புகழ் பெற்றார். முதியவர் 1787ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் காத்த சமநிலை பின்னர் நிலைக்கவில்லை. அவர் நிறுவிய பேரவை ஜெர்மன் மொழியிலேயே இயங்க வேண்டும் என்று 1805இல் உறுதி செய்யப்பட்டது. 1806இல் பிலடெல்பியா சபையில் ஆங்கில வழிபாடு வேண்டியோர் பிரிந்து தனிச்சபை கண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பீட்டரே! தந்தை கூட்டிய சபையினின்று மைந்தரே வெளியேற நேர்ந்தது, மொழிப்பற்று இல்லாமையாலன்று. மொழிக்குக் காவல் இட்டோர் கதவையும் அடைத்துவிட்டமையால்.

தமிழகத்திற்கு அப்பால் வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் மக்களுக்குத் தமிழை ஊட்டுவது நம் கடமை. அவர்கள் தடுமாறித் தமிழ் பேசும்போது நகையாது செவிசாய்ப்பதும், விளங்காதவிடத்து அவர்கள் அறிந்த மொழியில் விளக்குவதும் அக்கடமையின் பகுதியே. இருபதாம் வயதில் அரிச்சுவடியோடு வந்தவரையும் வரவேற்று அமர்த்திய அப்பெரியாரின் பொறுமை நம் இல்லங்களிலும் சங்கத்திலும் நிலவுக.