மறக்கப்பட்ட முன்னோடி: ஜகதீஷ் சந்திர போஸ்



ஜகதீஷ் சந்திர போஸ் என்றதும் தாவரங்களை ஆராய்ந்த விஞ்ஞானி என்றே பலரும் கூறுவர். தாவரத்தின் மிக நுண்ணிய வளர்ச்சியையும் அளக்கும் கிரெஸ்கோகிராப் கருவியை அமைத்தவர் அவரே. ஆனால் இன்றைய கம்பியில்லாத் தொடர்பாடலிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு என்பதை அறிவீர்களா?

போஸ் 1858 நவம்பர் 30 இல் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் அரச உயர் அலுவலர். எனினும் மகன் முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டுமென விரும்பி, வங்காள மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கு மீனவரின் பிள்ளையோடு ஒன்றாக அமர்ந்து கற்ற போஸ், பின்னர் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் உயர்கல்வி பெற்றார்.

1885 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கினார். அக்காலத்தில் ஐரோப்பியரை விட இந்தியருக்குக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. இதனை ஏற்க மறுத்த போஸ், சம்பளம் பெறாமலே மூன்று ஆண்டுகள் கற்பித்தார். இறுதியில் அவருக்கு முழுச் சம்பளமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

நல்ல ஆய்வுகூடம் இல்லாத நிலையிலும், தகரவேலை செய்பவர் ஒருவரின் உதவியுடன் தாமே கருவிகளை அமைத்தார். சில மில்லிமீற்றர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகளைச் சுவருக்கு அப்பாலும் செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். கம்பி எதுவும் இன்றி இது நிகழ்ந்தது கண்டு மக்கள் வியந்தனர். 1897 இல் இலண்டனிலும் இவ்வலைகள் பற்றி விரிவுரையாற்றினார்.

அலைகளை உணர்வதற்குக் கலேனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கைப் பயன்படுத்தினார். இதுவே குறைகடத்தி இருவாயியின் முன்னோடியாகும். அறிவை விற்பதில் போஸ் விருப்பமற்றவர். நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901 இல் விண்ணப்பித்து, 1904 இல் இதற்கு அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் அதனால் பணம் தேட முயலவில்லை.

1909 இல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் கிடைத்தது. போஸின் பெயர் அங்கு இடம்பெறவில்லை. அவரோ தம் பணியைத் தொடர்ந்து, 1917 இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23 இல் காலமானார்.

மில்லிமீற்றர் அலைகள் இன்று மோட்டார் வாகன ராடார்களிலும், சில நாடுகளின் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசி வலையமைப்புகளிலும் பயன்படுகின்றன. 2012 இல் சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பொன்று அவரது பரிசோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. பாராட்டு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

மாணவர்களே, தாய்மொழியில் கற்கத் தொடங்கியமையோ வசதிக் குறைவோ போஸுக்குத் தடையாகவில்லை. புகழ் பிந்தி வரலாம், வராமலும் போகலாம். செய்த நல்ல பணி நிலைத்து நிற்கும் என்பதே அவர் வாழ்வு உங்களுக்குக் கூறும் பாடமாகும்.