கெப்பெட்டிபொல ஏன் தாமதித்தார்?

நவம்பர் 26 ஆம் திகதி நெருங்கும்போது வீர கெப்பெட்டிபொலவை நாடு நினைவுகூர்கிறது. அதே நாட்களில் மொனராகலை மாவட்டத்து முஸ்லிம்களை நோக்கி ஒரு பழைய குற்றச்சாட்டும் எழுவதுண்டு. 1817 இல் நாம் வெள்ளைக்காரன் பக்கம் நின்றோமாம். இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். வழமையாக இதற்குப் பதில் சொல்பவர்கள் ஹாஜி மரிக்காரிலிருந்து தொடங்குவார்கள். நான் கெப்பெட்டிபொலவிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஏனெனில், கிளர்ச்சி தொடங்கியபோது அவரும் ஆங்கில அரசாங்கத்தின் உத்தியோகத்தர்தான்.

மாத்தளையைச் சேர்ந்த மொனரவில கெப்பெட்டிபொல ஊவாவின் திசாவையாக இருந்தவர். 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிரதானிகளில் அவரும் ஒருவர். அதை வெறும் பதவி ஆசை என்று தள்ளிவிட முடியாது. எஹெலேபொலவின் மனைவி இவருடைய சகோதரி. 1814 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னனின் கட்டளையில் அந்தத் தாயும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட மன்னன் போனால் போதும் என்று நினைத்த ஒரு குடும்பத்தவரின் கையொப்பம் அது.

இரண்டு வருடங்கள் கழித்து வெல்லஸ்ஸவில் வில்பாவே என்பவர் தோன்றினார். தன்னைத் துரைசாமி என்றும், பதவி இழந்த மன்னனின் உறவினன் என்றும் சொல்லிக்கொண்டார். அப்போது வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் தவளம் மாடுகளில் உப்பும் துணியும் பாக்கும் ஏற்றிக் கரையோரத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே வியாபாரம் செய்து வந்தார்கள். அவர்கள் இருந்தது மில்லாவ திசாவையின் அதிகாரத்தின் கீழ். ஆங்கிலேயர் அந்த அதிகாரத்தை உடைத்து, ஹாஜி மரிக்காரை முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தார்கள். மில்லாவவுக்கு இது பெரும் அவமானம். எம்மவருக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருந்தது. வில்பாவேயைத் தேடிப் பிடிக்கும் வேலையும் ஹாஜியின் தலையில் விழுந்தது. போனவர் பிடிபட்டார், கொல்லப்பட்டார். நிலைமையைப் பார்க்கப் பதுளையிலிருந்து புறப்பட்ட அதிகாரி வில்சனும் அம்பு பாய்ந்து இறந்தார்.

இவ்வளவும் நடக்கும்வரை கெப்பெட்டிபொல அசையவில்லை. அசையாததில் எனக்கு வியப்பில்லை. அவருடைய கையொப்பம் ஒப்பந்தத்தில் இருந்தது. சகோதரியைக் கொன்ற மன்னனின் உறவினன் என்று சொல்லிக்கொள்பவனுக்காக வாளெடுக்க வேண்டியிருந்தது. எழுந்தால் மற்றப் பிரதானிகள் கூட வருவார்களா என்பதும் தெரியவில்லை. மறுபக்கத்தில், ஒப்பந்தத்தில் வாக்களித்த மரியாதை நடைமுறையில் கிடைக்காததையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண சிப்பாய்கூடப் பிரதானிகளை மதிக்காத காலம் அது.

நடுநிலை நாடுகளும் ஏறத்தாழ இப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இஸ்மத் இனோனுவின் துருக்கி 1939 இல் பிரித்தானியாவோடும் பிரான்ஸோடும் ஒப்பந்தம் செய்தது. 1941 இல் ஜேர்மனியோடும் ஆக்கிரமிப்பற்ற ஒப்பந்தம் செய்துகொண்டது. போர்ப் பிரகடனம் செய்தது 1945 பெப்ரவரியில்தான், ஜேர்மனியின் தோல்வி உறுதியான பிறகு. முதலாம் உலகப் போரில் பேரரசையே இழந்த ஒரு தேசத்தின் எச்சரிக்கை அது. இனோனுவைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கெப்பெட்டிபொல வெற்றி நிச்சயமாகும்வரை காத்திருக்கவில்லை. 1817 நவம்பரில், கிளர்ச்சியை அடக்குமாறு சுமார் 500 பேரோடு அனுப்பப்பட்டவர், கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துகொண்டார். அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றும், அவர்களுடைய ஆயுதத்தாலேயே அவர்களோடு போரிட மனம் ஒப்பவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தச் செயல்தான்.

காத்திருந்த மற்றவர்களின் கதை வேறு. மொல்லிகொட கடைசிவரை ஆங்கிலேயர் பக்கமே நின்றார். அதனால் கொழும்பு–கண்டிப் பாதை மூடப்படவில்லை. மைத்துனர் எஹெலேபொல எந்தப் பக்கமும் வெளிப்படையாகச் சாயவில்லை. அதனால் அவர் தப்பவுமில்லை. சந்தேகத்தின் பேரில் 1818 இல் கைதாகி, பின்னர் மொரீசியஸுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தார். ஆளுநர் பிரவுன்றிக்குக்கு இந்தியாவிலிருந்து மேலதிகப் படை வரும்வரை அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்துக்கு விலை கொடுத்தது ஊவாவும் வெல்லஸ்ஸவும்தான். வயல்கள் எரிந்தன, மாடுகள் அழிந்தன, ஊர்கள் வெறிச்சோடின. இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற மண் அதன்பின் தலைமுறை தலைமுறையாக வறுமையில் கிடந்தது. அந்தப் பஞ்சம் சிங்களவரா முஸ்லிமா என்று பார்க்கவில்லை.

இப்போது ஹாஜி மரிக்காருக்கு வருகிறேன். அவரும் கெப்பெட்டிபொலவும் ஒரே அரசாங்கத்திடம் பதவி பெற்றவர்கள். கிளர்ச்சியைத் தடுக்கவே இருவரும் அனுப்பப்பட்டார்கள். கெப்பெட்டிபொலவுக்கு யோசிக்கச் சில வாரங்கள் கிடைத்தன. ஹாஜி மரிக்காருக்கு அது கிடைக்கவில்லை. கிளர்ச்சி அவருடைய மரணத்தோடுதான் தொடங்குகிறது. கிடைத்திருந்தால் அவர் மாறியிருப்பார் என்று நான் வாதிடவில்லை. மில்லாவவின் கீழிருந்து விடுபட்ட ஒருவர் மாறாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு முகாந்திரம் ஏற்ற வேலையை ஒரு சமூகத்தின் தீர்மானமாக எழுதுவது நியாயமில்லை. மொல்லிகொடவுக்காக எந்தச் சமூகத்தையும் யாரும் குற்றம் சாட்டுவதில்லையே!

1818 அக்டோபர் இறுதியில் அனுராதபுரப் பகுதியில் கெப்பெட்டிபொல பிடிபட்டார். நவம்பர் 26 இல், தலதா மாளிகையில் வழிபட்ட பின், மடுகல்லவோடு போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் எடுத்துச் சென்று எடின்பரோவில் சேர்த்தார். சுதந்திரத்தின் பின்னரே அது திரும்பி வந்து கண்டியில் வைக்கப்பட்டது. அவரையும் தோழர்களையும் துரோகிகள் என்று அறிவித்த பழைய வர்த்தமானியை 2016 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார்.

ஹாஜி மரிக்காரின் பெயர் அந்த வர்த்தமானியில் இருக்க நியாயமில்லை. அவரை எந்த அரசாங்கமும் துரோகி என்று அறிவிக்கவில்லை, எனவே இரத்துச் செய்யவும் ஒன்றுமில்லை.