குமாஸ்தா தொடங்கிய பாங்கு

சென்டிரல் பாங்கு ஆப் இந்தியாவை நிறுவிய சொராப்ஜி போச்கானாவாலா, குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

அவர் 1881-ம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேறியதும், சார்ட்டர்டு பாங்கில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அது ஆங்கிலேயர் நடத்திய பாங்கு.

அந்தக் காலத்தில் இத்தகைய பாங்குகளில் இந்தியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், குமாஸ்தா, கேஷியர் என்ற படியோடு நின்றுவிட வேண்டியதுதான். மானேஜர் நாற்காலி வெள்ளைக்காரருக்கே!

சொராப்ஜி சோர்ந்துவிடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே பாங்குத் தொழிலைப் படித்தார். லண்டன் பாங்கர்கள் கழகத்தின் தேர்வில் வெற்றி பெற்றார்.

1906-ல் பம்பாய் வர்த்தகர்கள் பாங்கு ஆப் இந்தியாவைத் தொடங்கினார்கள். சொராப்ஜி அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த பாங்குக்கும் மானேஜராக ஓர் ஆங்கிலேயரே வந்தார்.

இந்தியர் பணம் போட்டு, இந்தியரே நிர்வாகம் செய்யும் பாங்கு வேண்டும் என்று சொராப்ஜி முடிவு செய்தார். 1911 டிசம்பரில் சென்டிரல் பாங்கு உதயமாயிற்று. அப்போது அவருக்கு வயது 30. தேசத்தலைவர் சர் பெரோஸ்ஷா மேத்தா பாங்கின் முதல் தலைவரானார்.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. 1913-ல் லாகூர் பீப்பிள்ஸ் பாங்கு மூழ்கியது. பம்பாயில் இந்தியன் ஸ்பீசி பாங்கும் மூழ்கியது. இந்தியருக்கு பாங்கு நடத்தத் தெரியாது என்ற பேச்சு எழுந்தது. அந்தப் புயலிலும் சென்டிரல் பாங்கு தாக்குப்பிடித்து நின்றது.

சொராப்ஜி சிறு சேமிப்பை மதித்தவர். சாமானியரும் மிச்சம் பிடிக்க 1921-ல் வீட்டு உண்டியல் திட்டம் கொண்டுவந்தார். 1924-ல் பெண்களுக்கென்று தனிப்பிரிவு திறந்தார்.

1923-ல் டாட்டா இண்டஸ்டிரியல் பாங்கு இதனுடன் இணைந்தது. டாட்டா பாங்கின் சென்னைக் கிளையும் அப்படியே சென்டிரல் பாங்கின் கிளையாயிற்று.

1934-ல் அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் இலங்கை அரசு அமைத்த பாங்கு விசாரணைக் கமிஷனுக்கும் அவர் தலைமை தாங்கினார். பின்னர் 1939-ல் இலங்கை வங்கி தோன்ற அந்தக் கமிஷனே வழிவகுத்தது.

அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1937 ஜூலையில், 55-வது வயதில் காலமானார். அவர் வளர்த்த பாங்கு 1969-ல் நாட்டுடைமை ஆயிற்று.

ஒரு காலத்தில் இந்தியருக்கு எட்டாத மானேஜர் நாற்காலியில், குமாஸ்தாவாகச் சேர்ந்தவரும் உட்கார முடியும் என்று காட்டியவர் சொராப்ஜி.