விதைநெல்லை வைத்து ஆடியவர்



மறைந்த பிரபலம் ஒருவரின் வாழ்க்கையை மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். காந்தி, காமராஜர், கணிதமேதை இராமானுஜன் என்று பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் ஒரு சீட்டாட்டக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன். கல்லூரி மலரில் இதென்ன கூத்து என்று சிலர் முகம் சுளிக்கலாம். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்!

குத்தாலத்திலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலில் வந்து படித்த எங்கள் செட்டுக்கு நன்றாக நினைவிருக்கும். எதிரெதிரே நாலு பேர் உட்கார்ந்து, முழங்கால் மேல் ஒரு துண்டை விரித்து, வண்டி நகர்வதற்குள் ரம்மி போட ஆரம்பித்துவிடுவோம். தோற்றவன் டீ வாங்கித் தரணும், அவ்வளவுதான் பந்தயம். ஆனால் ஜெயித்தது திறமையாலா, சீட்டு வந்த அதிர்ஷ்டத்தாலா என்று ஆடுதுறை தாண்டியும் சண்டை ஓயாது. அந்தச் சண்டைக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையே பதிலாக இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் பெயர் ஸ்டூ அங்கர். 1953-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தவர். தகப்பனார் மதுக்கடை நடத்திக்கொண்டு, பந்தயப் பணமும் வாங்கிப் புழங்கியவர். பையன் பள்ளிக்கூடத்தில் சூட்டிகை. அதைவிடச் சூட்டிகை சீட்டில். பத்து வயதிலேயே ஜின் ரம்மிப் போட்டி ஒன்றில் ஜெயித்துவிட்டான். 1967-இல் தகப்பனார் மாரடைப்பில் இறந்தார். அங்கர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, சீட்டாடியே குடும்பத்தைக் காப்பாற்ற ஆரம்பித்தார். ஜின் ரம்மியில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அவரிடம் தோற்றுப்போனார்கள். கடைசியில் அவரோடு ஆட ஆளே கிடைக்காமல் போயிற்று! 1970-களின் பிற்பகுதியில் லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் போனார். அங்கேயும் இதே கதைதான். கழிந்த சீட்டை எல்லாம் மனசில் வைத்திருப்பவர் என்று தெரிந்ததும், பிளாக்ஜாக் மேசையில் பல கூடங்கள் அவரை உட்காரவே விடவில்லை. அப்புறம்தான் போக்கர் பக்கம் வந்தார்.

போக்கர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். இடையிடையே பந்தயம் கட்டலாம், பயந்தால் சீட்டைக் கீழே போட்டுவிடலாம். லாஸ் வேகாஸில் 1970 முதல் நடந்துவரும் உலகப் போக்கர் போட்டியின் முக்கிய ஆட்டத்துக்கு அன்று நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதற்கு டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் தீர்ந்தால் வெளியே. எல்லா டோக்கனும் ஒருவரிடம் சேரும் வரை ஆட்டம் நடக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முறை வரும்போது சீட்டைப் பார்க்குமுன்பே போட வேண்டிய கட்டாயப் பந்தயம் ஒன்று இருக்கிறது. நேரம் ஆக ஆக அது ஏறிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் நல்ல சீட்டுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம். கடைசிக் கட்டத்தில் அப்படி உட்கார்ந்தால் கட்டாயப் பந்தயமே ஆளைத் தின்றுவிடும். சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு கையிலிருப்பதை மொத்தமாக நடுவில் தள்ளித்தான் ஆக வேண்டும். அதனால் கடைசியில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிதாகிவிடுகிறது. நம்ம டெல்டாக்காரனுக்கு இது புதிதா என்ன? நாற்று விடுவது, நடவு, களையெடுப்பு எல்லாம் நம் கையில். கதிர் முற்றி நிற்கும்போது தை மாதத்தில் ஒரு மழை அடித்தால்?

அங்கருடைய கெட்டிக்காரத்தனம் இங்கேதான். இன்னும் இரண்டு மூன்று பேர் வெளியேறினால் நமக்குப் பரிசு நிச்சயம் என்ற கட்டத்தில் மற்றவர்கள் ஒடுங்கி ஆடுவார்கள். அங்கர் அப்போதுதான் அடித்து ஆடுவார். தன் சீட்டைவிட எதிராளியின் பயத்தைத்தான் அதிகம் பார்ப்பார். சின்னச் சின்னப் பந்தயங்களாக அள்ளி அள்ளிச் சேர்ப்பார். பிறகு ஒரு பெரிய ஆட்டத்தில் சீட்டு கைவிட்டாலும் அவரிடம் இருப்பு மிச்சம் இருக்கும். எதிராளியிடம் இருக்காது. அதிர்ஷ்டத்தை யாரும் ஆள முடியாது. ஒரு தடவை அது கெட்டாலும் தாங்குகிற இருப்பைத்தான் உண்டாக்க முடியும்.

1980-இல் 73 பேர் ஆடினார்கள். கடைசியில் எதிரே உட்கார்ந்தவர் டாயில் பிரன்சன் என்ற ஜாம்பவான். கடைசி ஆட்டத்தில் பிரன்சன் கையில் ஆஸ், 7. அங்கர் கையில் 5, 4. நடுவில் ஆஸ், 7, 2 விழுந்தது. பிரன்சனுக்கு இரண்டு ஜோடி! அங்கருக்கு ஒரு 3 வந்தால்தான் ஆஸ் முதல் 5 வரை வரிசை. மீதி 45 சீட்டில் 3 இருந்தது நாலே நாலு. இருந்தும் அவர் பிரன்சனின் பந்தயத்துக்கு ஈடு கட்டினார். 3 வந்துவிட்டால், இரண்டு ஜோடி வைத்திருப்பவர் விலக மாட்டார், மொத்தமும் நம்முடையது என்ற கணக்கு அது. 3 வந்தது. 3,65,000 டாலர் பரிசு. கணக்கு அவருடையது, 3 அதிர்ஷ்டத்தினுடையது. மறு வருஷம் 1981-லும் அவரே சாம்பியன்.

1990-இல் நடந்ததுதான் விசித்திரம். மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. விடுதி அறையில் போதைமருந்தால் நினைவிழந்து கிடந்தார். ஆள் இல்லாத நாற்காலியின் முன்னால் இருந்த டோக்கனிலிருந்து கட்டாயப் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த இருப்பு அத்தனை பெரியது. ஆள் இல்லாமலேயே ஒன்பதாம் இடம் வாங்கிக் கொடுத்தது!

மேசைக்கு வெளியே அவருக்கு அந்த இருப்பு ஒருநாளும் இருந்ததில்லை. ஜெயித்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் போயிற்று, போதைமருந்தில் போயிற்று. 1997-இல் கையில் காசில்லாமல் இருந்தவருக்கு ஒரு நண்பர்தான் 10,000 டாலர் கட்டினார். 312 பேர் ஆடிய போட்டியில் மூன்றாவது முறையாக ஜெயித்தார். அன்றும் கடைசி ஆட்டத்தில் எதிராளியின் கைதான் மேலே இருந்தது. கடைசிச் சீட்டாக ஒரு 2 விழுந்து, மறுபடியும் அதே ஆஸ் முதல் 5 வரை வரிசை! பரிசு பத்து லட்சம் டாலர், பாதி நண்பருக்கு. தன் பங்கைச் சில மாதங்களிலேயே தொலைத்தார். 1998 நவம்பர் 22-இல் லாஸ் வேகாஸின் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45. அடக்கம் செய்யத் தெரிந்தவர்கள் வசூல் செய்ய வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இதுதான். போட்டியில் ஒரு வரம்பு இருந்தது. எத்தனை மோசமாக ஆடினாலும் 10,000 டாலருக்கு மேல் போகாது. டோக்கன் தீர்ந்தால் எழுந்து போகத்தான் வேண்டும். வெளியே அந்த வரம்பு கிடையாது. நம் ஊரில் எவ்வளவு கஷ்டத்திலும் குதிரில் இருக்கிற விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். ஒரு போகம் போனாலும் அடுத்த போகம் அதில்தான் இருக்கிறது. அங்கர் மேசையில் விதைநெல்லைக் காத்தார். வாழ்க்கையில் அதையே வைத்து ஆடினார்.

துண்டு ரம்மியில் எங்களுக்கெல்லாம் வாத்தியாராக இருந்த ஒரு நண்பன் உண்டு. பேர் வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல் செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி. அப்பா வைத்துவிட்டுப் போன ஆறு மா நிலமும் போய்விட்டது. அவனுக்குத் திறமை இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்க 2025-இல் நாடாளுமன்றம் சட்டமும் செய்தது. சட்டம் செய்வதைச் செய்யட்டும். வரம்பை நாமே போட்டுக்கொள்ளாவிட்டால் எந்தத் திறமையும் காப்பாற்றாது.

தம்பிகளே, எங்கள் துண்டு ரம்மியில் நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. நாங்கள் யோக்கியர்கள் என்பதால் இல்லை. திருவிடைமருதூர் தாண்டிக் கும்பகோணம் ஸ்டேஷன் வந்துவிடும். ஜெயித்தவனும் தோற்றவனும் துண்டை உதறி மடித்துக்கொண்டு இறங்கித்தான் ஆக வேண்டும். செல்போனில் அந்த ஸ்டேஷன் வருவதே இல்லை.