தோல்வியிலும் மாண்பு காத்த குமாரசாமி ராஜா

செண்பகத்தோப்பின் மலைச்சரிவில் பாறைகளிடையே பிரிந்தோடும் ஓடைகள் மீண்டும் கூடியே சமவெளியை அடைகின்றன. அரசியலிலும் பிரிவும் கூட்டும் இயல்பே. அவ்விரண்டையும் தம் வாழ்வில் கண்டவர், அம்மலையடிவாரத்தை அடுத்த இராசபாளையம் ஈன்ற பெருமகனார் பூ. ச. குமாரசாமி ராஜா.

1898ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். காந்தியடிகளின் நெறியில் ஈடுபட்டுக் காங்கிரசுத் தொண்டரானார். 1934இல் மத்திய சட்டசபைக்குத் தேர்வு பெற்றார்.

சென்னை மாகாணக் காங்கிரசு அந்நாளில் பல அணிகளாகப் பிரிந்து நின்றது. 1949இல் ஓமந்தூரார் பதவி விலகியபோது, காமராசரின் ஆதரவால் குமாரசாமி ராஜா ஆட்சிப் பொறுப்பேற்றார். அப்போது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தவர் முஸ்லிம் லீகின் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அவர்கள். ஆயினும் ஆளுங்கட்சிக்குப் பெருஞ்சேதம் விளைத்தது எதிர்வரிசையன்று, உட்பகையே. பிரகாசம், ரங்கா போன்ற மூத்த தலைவர்களே காங்கிரசை விட்டு விலகினர்.

உட்பூசலோடு உணவுத் தட்டுப்பாடும் சேர, 1952 தேர்தலில் 375 இடங்களில் 152 மட்டுமே காங்கிரசுக்குக் கிட்டின. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். பிரகாசம் தலைமையில் 166 உறுப்பினர் கொண்ட முன்னணி ஆட்சி உரிமை கோரியது. எனினும் ஆளுநர் இராசாசியையே அழைத்தார். அம்முடிவு முறையன்று என்ற கண்டனமும் எழுந்தது. முஸ்லிம் லீகின் ஐவரும், காமன்வீல் கட்சியினரும், வேறு சிலரும் கைகொடுக்க, சூலைத் திங்களில் 151க்கு எதிராக 200 வாக்குகள் பெற்று அவ்வமைச்சரவை நிலைத்தது. நேற்றைய எதிர்க்கட்சி இன்றைய துணையாயிற்று.

தோற்ற குமாரசாமி ராஜா புதுக்கட்சி காணவில்லை. புது அணி திரட்டவுமில்லை. ஏப்ரல் திங்களில் பொறுப்பை இராசாசியிடம் ஒப்படைத்து விலகினார். 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். இராசபாளையத்தில் காந்தி கலை மன்றம் கண்டு, தம் இல்லத்தையே அதற்கு ஈந்தார். 1957இல் மறைந்தார்.

கருத்து வேறுபாடு பகையாக வேண்டுவதில்லை. பதவி போனபின் பண்பும் போக வேண்டுவதில்லை. நாளை பொதுவாழ்வில் புகவிருக்கும் மாணவச் செல்வங்கள், அவர் வென்ற நாளைக் காட்டிலும் தோற்ற நாளையே ஊன்றிப் பயில்வது நன்று.